அண்ணன் மிதித்த பனி

"கரடிக் காவலர் (உள்ளூர், பருவகாலப் பணி). அச்சமின்மை, கூரிய பார்வை, சொந்தத் துப்பாக்கி ஆகியவை அவசியம். ஆய்வுக் குழுவை வெள்ளைக் கரடிகளிடமிருந்து காப்பது மட்டுமே பணி. அளவுக் கருவிகளைக் கையாளும் தகுதி இவருக்கு இல்லை."

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊருக்குத் தெற்கே, வெகு தூரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் அப்பியாவிடம் கையெழுத்து வாங்கிய தாளில் இப்படித்தான் இருந்தது. அவளும் ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துப் போட அவள் மூக்குக்கண்ணாடியை ஒருமுறை துடைக்க வேண்டியிருந்தது. அந்தக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்தாலே கூரிய பார்வை பற்றிய ஐயம் தீர்ந்துவிடும். துப்பாக்கி அவள் கணவன் லீவாயுடையது. அச்சமின்மையைப் பொறுத்தவரை, ஊர் ரேடியோவில் கரடி நடமாட்டம் என்று சொன்னால் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று மறுபடி போய்ப் பார்க்கிற ஆள் அவள். பத்து வசந்தங்களில் ஒரே ஒரு கரடி வந்தது. அதையும் விஞ்ஞானிதான் அவளுக்குக் காட்டினார். அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கருவிகளைத் தொடக்கூடாது என்றார்களே, அதில்தான் வேடிக்கை. நான்காவது ஆண்டிலிருந்து அவற்றை அவள் கையைத் தவிர வேறு கை தொட்டதில்லை. விஞ்ஞானி எதியேனுக்குக் குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். குளிரில் வேலை செய்ய முடியாத ஒருவர் ஏன் உறைகடலைப் படிக்க வந்தார் என்று எங்கள் ஊரில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "வெயில் ஊர்ல எனக்கு வேர்க்கும்" என்பார்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நடுப்பகலில் ஐஸில் துளை போட வேண்டும். இரண்டு முழத்துக்குக் குறையாத ஒரு மடக்குக் கம்பி, நுனியில் வெளிச்சத்தை அளக்கும் ஒரு கண். அப்பியா அதை 'முழங்கை' என்பாள். அதைத் துளைக்குள் நேராக இறக்கி, அடியில் போனதும் தெற்குப் பக்கம் விரிய விட வேண்டும். மேலே முக்காலியில் இன்னொரு கண். மேலே விழும் வெளிச்சம் இவ்வளவு, பனியையும் ஐஸையும் கடந்து கடலுக்குள் வருவது இவ்வளவு என்று இரண்டும் எண் சொல்லும். எழுதிக்கொண்டு வந்துவிடலாம். ஒரே நிபந்தனை, கண்ணுக்கு மேலே தெற்குப் பக்கம் இருக்கும் பனியை யாரும் மிதிக்கக்கூடாது. மிதித்த பனி வேறு மாதிரி வெளிச்சம் விடும். அதனால் அந்தச் சதுரத்தைக் கயிறு கட்டிக் காக்க வேண்டும். கரடிகளுக்கு அந்தச் சதுரத்தில் எந்த அக்கறையும் இருந்ததில்லை. நாய்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியில் பறக்கும் விடலைகளுக்கும் இருந்தது. ஆக, காவல் என்னவோ உண்மைதான்.

முதல் ஆண்டு எதியேன், ஆள் நடமாட்டமே இல்லாத இடம் வேண்டும் என்று கேட்டார். அப்பியா அவரை முனைக்குப் பின்னால் இருக்கும் குடாவுக்குக் கூட்டிப்போனாள். பார்த்ததும் மனிதருக்குச் சந்தோஷம் தாளவில்லை.

"அடேயப்பா! இங்க யாருமே நடந்ததில்ல போலிருக்கே!"

"பன்னெண்டு வருஷமா நடக்கல."

"ஏன்?"

"எங்கண்ணன் இங்கதான் போனார்."

எதியேன் தொப்பியைக் கழற்றினார். அதை மறுபடி மாட்டிக்கொண்டதும், விஞ்ஞானி அல்லவா, ஐஸ் இப்போது தாங்குமா என்று கேட்டார். பிறகு இட விவரக் குறிப்பில், 'காவலரின் ஒரே சகோதரர் 1998இல் இங்கே மூழ்கி இறந்ததால் உள்ளூர் மக்கள் தவிர்க்கும் இடம். ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது' என்று எழுதினார். ஒரு வீட்டின் துக்கமும் ஒரு துறையின் வசதியும் ஒரே வாக்கியத்தில் இவ்வளவு இணக்கமாக உட்கார்ந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த அண்ணனின் பெயர் நௌயுக். அந்த மே மாதம் தொடையளவு பனி. பனி ஒரு கம்பளி மாதிரி. மேலே கிடந்தால் ஐஸ் தடிக்காது, கீழே நீரோட்டம் அரித்துக்கொண்டே இருக்கும். பனிவண்டி, அது இழுத்த சறுக்குவண்டி, அதில் வேட்டையாடிக் கட்டியிருந்த இரண்டு சீல் கடல்நாய்கள், அவன், எல்லாம் உள்ளே போயின. சீல்களில் ஒன்று ஆகஸ்டில் கரை ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

அவர்களுடைய அம்மா அதன் பிறகு பதினாறு வருடம் இருந்தாள். எப்படிப் போனான் என்று அவள் கேட்கவே இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: கீழே இருட்டாக இருக்குமா? போதகர் வந்து நித்திய ஒளியைப் பற்றிப் பேசினார். "அது மேலே. நான் கேக்கிறது கீழே" என்றாள்.

எனவே முதல் ஆண்டு முழங்கையை இறக்கி எதியேன் எண்ணைப் படித்தபோது, கரடிக் காவலர் கரடியைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நூத்துல ஒரு பங்கு" என்றார் எதியேன்.

"ஒரு ஆளுக்கு அது போதுமா?"

அவர் அதை ஆய்வு சம்பந்தமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டார். "இந்த வெயில்ல நூத்துல ஒண்ணுன்னா, உங்க கூட்டுறவுக் கடைக்குள்ள எரியுதே லைட்டு, கிட்டத்தட்ட அவ்வளவு. பேப்பரே படிக்கலாம்."

அப்பியா அன்று வண்டியை நேராக அம்மா வீட்டுக்கு விட்டாள். அம்மா கேட்டுவிட்டு, "நௌயுக் என்னிக்குப் பேப்பர் படிச்சான்?" என்றாள். ஆனால் அன்று தூங்கினாள்.

அம்மாவிடம் அப்பியா ஒன்றைச் சொல்லவில்லை. அந்த ஆண்டு பனி கெண்டைக்கால் அளவுதான். அண்ணன் போன வருடம் தொடையளவு. அந்த எண் அண்ணனுடைய எண் ஆகாது. தொடையளவு பனி விழும் ஒரு வசந்தம் வந்து, அதில் அதே இடத்தில் முழங்கையை இறக்கினால்தான் உண்மை தெரியும். அவள் காத்திருந்தாள். பத்து ஆண்டுகள் பனி அந்த உயரத்துக்கு வரவே இல்லை. எதியேன் பனி குறைவதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். அவருக்குக் கவலை, அவளுக்கும் கவலை, காரணங்கள் வேறு.

இடையில் அம்மா போய்விட்டாள். உடல் கிடைக்கும் வரை மகன் பெயரை யாருக்கும் வைக்கக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தவள் அவள். மறு ஆண்டு அப்பியா தன் சித்தி மகளின் குழந்தையைத் தத்தெடுத்தாள். நௌயுக் என்று பெயர் வைத்தாள். பெண் குழந்தை. அதனால் ஒன்றுமில்லை; பெயருக்கு ஆண் பெண் கிடையாது. பெயரோடு அதற்குரியவரும் வந்துவிடுவார் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் வாதாடுகிற விஷயமில்லை. அப்பியா குழந்தையை 'அண்ணா' என்று கூப்பிட்டாள். குழந்தைக்குப் பேச்சு வந்ததும் அது அவளைத் 'தங்கச்சி' என்றது. லீவாய்க்கு அது மச்சான். மச்சானுக்கு மூக்குச் சிந்திவிடுவது அவன் பொறுப்பு.

பிறகு அந்தப் பெருந்தொற்று வசந்தம் வந்தது. விமானங்கள் நின்றன. தெற்கிலிருந்து யாரும் வரக்கூடாது என்றார்கள். பனிக்கு மட்டும் தடை இல்லை போலிருக்கிறது. மார்ச் முழுக்கக் கொட்டியது.

எதியேன் தொலைபேசியில் கூப்பிட்டார். "இந்த வருஷம் விட்டுடு, அப்பியா. கருவியெல்லாம் கொட்டகையிலயே இருக்கட்டும்."

"பனி தொடை வரைக்கும் இருக்கு."

அவள் எந்தப் பனிக்காகக் காத்திருந்தாள் என்று அவருக்குத் தெரியும்.

"எழுத்துல நான் உனக்கு அனுமதி குடுக்க முடியாது. இன்சூரன்ஸ்காரன் என்னைக் கொன்னுடுவான். தனியா போகவும் கூடாது."

"தனியா இல்ல. அண்ணன் வரார்."

எதியேன் சிரித்தார். "அவருக்கு இப்ப என்ன வயசு?"

"அஞ்சு."

"சரி, அவர் சொன்னா கேட்டுக்கோ. கண்டதை அப்படியே எழுது. அங்க எழுதினதை இங்க வந்து திருத்தக் கூடாது. ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. பத்து ஆண்டுகளாக அவர் சொன்ன ஒரே கட்டளை அதுதான். களத்தில் மையால் எழுதியது எழுதியதுதான்.

"கரடி வந்தா மச்சானைக் காட்டி மிரட்டுவியா?" என்று லீவாய் துப்பாக்கியைக் கொடுத்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணன் ஒரு சத்தம் போட்டா கரடி கிரீன்லாந்து வரைக்கும் நீந்திப் போயிடும்."

"அது உண்மைதான். நேத்து பல்லு தேய்க்கச் சொன்னதுக்கே எனக்கு ஓடிடலாம்னு இருந்துச்சு."

ஏப்ரல் பதினான்காம் தேதி நடுப்பகலில் அப்பியா துளை போட்டாள். சறுக்குவண்டியில் மான்தோலைச் சுற்றிக்கொண்டு நௌயுக் உட்கார்ந்து, உறைந்த மீனைச் சப்பிக்கொண்டிருந்தது. முழங்கை இறங்கியது, விரிந்தது. அப்பியா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணைப் படித்தாள். ஆயிரத்தில் ஒரு பங்கு.

அவள் துளையை மூடி, மறுபடி திறந்து, மறுபடி அளந்தாள். ஆயிரத்தில் ஒரு பங்கு.

எதியேன் சொன்ன கடை வெளிச்சத்தில் பத்தில் ஒன்று. அதில் பேப்பர் படிப்பதென்றால் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் படுக்கைக்குப் போகும்போது நடையில் ஒரு சின்ன விளக்கு எரியுமே, அவ்வளவுதான். அம்மா இல்லாதது அன்று முதல்முறையாக அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு நாள் தவறாக இருக்கலாம். அதனால் மறுநாளும் போனாள். அதற்கு அடுத்த நாளும். புயல் வீசிய நாட்கள் தவிர எல்லா நாளும் போனாள். மஞ்சள் அட்டை நோட்டில் வானம், பனியின் உயரம், ஐஸின் தடிமன், இரண்டு எண்கள், பிறகு 'மற்றவை' என்ற கட்டம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் எதியேனுக்குப் பிடிக்காது. ஆகவே எழுதினாள். 'அண்ணனுக்கு இருமல், தாமதமாக வந்தோம்.' 'அண்ணன் மீன் முழுவதையும் தின்றுவிட்டார். நான் பட்டினி. எண்ணில் மாற்றமில்லை.' 'அண்ணன் தூங்கிவிட்டார்.'

மே ஒன்பதாம் தேதி அவள் துளையின் மேல் குனிந்திருந்தபோது பின்னால் சறுக்குவண்டி காலியாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், கயிற்றுக்கு உள்ளே, சதுரத்தின் நட்டநடுவில், இடுப்பு வரை பனியில் புதைந்து நௌயுக்.

"அண்ணா! அங்க என்ன பண்றே?"

"நடக்கிறேன்."

"கயிறு கட்டியிருக்கே, கண்ணு தெரியலயா?"

"கயிறு உனக்கு, தங்கச்சி. எனக்கு இது என் இடம்."

பேசியது எந்த நௌயுக் என்று அப்பியாவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தது. தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் இருக்கவைத்து, திரும்பி வந்து அளந்தாள். எண் ஏறியிருந்தது. ஆயிரத்தில் மூன்று பங்கு.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டிய எண் அதுதான். மூன்று மடங்கு வெளிச்சம். காலடியைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால், தெற்கே உட்கார்ந்திருப்பவர்கள் வெயில் கூடியது என்று நினைத்திருப்பார்கள். நோட்டிலும் ஒரு சிக்கலும் வந்திருக்காது. அவள் பேனாவை அக்குளில் வைத்துச் சூடாக்கி, எழுதினாள்: 'இன்று என் அண்ணன் பனியை மிதித்தார். எண் அதனால் கூடியது, நம்ப வேண்டாம். சதுரத்தைப் பத்தடி மேற்கே மாற்றினேன்.' மேற்கே மறுபடியும் ஆயிரத்தில் ஒன்று.

ஜூனில் நோட்டைத் தபாலில் அனுப்பினாள். அக்டோபரில் எதியேன் இறந்துபோனார். தொற்று இல்லை, மூளையில் இரத்தக் கசிவு. நவம்பரில் லீவாயின் தங்கைக்குப் பையன் பிறந்தான். எதியேன் என்று பெயர் வைத்தார்கள். அப்பியா பார்க்கப் போனபோது குழந்தையின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தன.

ஜனவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மிக அன்பான கடிதம். நீண்ட தனிமையும் ஆறாத துக்கமும் மனித மனத்தை என்ன செய்யும் என்பதைத் தாங்கள் அறிவதாகவும், கீழ்க்கண்ட எண்ணில் ஆலோசகர் எந்நேரமும் பேசுவார் என்றும் அதில் இருந்தது. அது போதாதென்று ஊர் மருத்துவ நிலையத்தின் செவிலி ஒரு படிவத்தோடு வந்தாள். தெற்கிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன பெண்.

"இறந்தவங்க யாராவது உங்ககூடப் பேசறாங்களா?"

"பேசறார். இப்ப பாத்ரூம்ல இருக்கார்."

செவிலி எழுதிக்கொண்டாள். உள்ளேயிருந்து, "தங்கச்சி, கழுவி விடு!" என்று குரல் வந்ததும் பேனா நின்றுவிட்டது. லீவாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை ஊர் இன்னும் சொல்கிறது. அன்று இரவு ஊர் ரேடியோவில் நடக்கும் பிங்கோ ஆட்டத்துக்கு நடுவே அதை யாரோ சொல்லியும்விட்டார்கள்.

ஆனால் சிரிப்பு அந்தச் சுவரைத் தாண்டித் தெற்கே போகவில்லை. எதியேனின் பொறுப்பை ஏற்றிருந்த மெரிடித் என்ற அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். நல்ல பெண்மணி, அதுதான் கஷ்டம்.

"அப்பியா, மே ஒன்பதாம் தேதி பனியை மிதிச்சது யாரு?"

"என் அண்ணன்."

"உங்க அண்ணன் அங்கேயே மூழ்கிட்டார்னு எங்க குறிப்புல இருக்கு."

"ஆமா."

"அப்ப மிதிச்சது?"

"அவர்தான். அஞ்சு வயசு. பொண்ணு. நான் வளர்க்கிறேன்."

மெரிடித்துக்கு விளங்க அரை மணி நேரம் ஆனது. விளங்கியதும் அவள் உண்மையிலேயே மகிழ்ந்தாள். "அவ்வளவுதானா! அப்ப ரொம்ப சுலபம். அண்ணன்னு இருக்கிற ஏழு இடத்துலயும் 'என் மகள்'னு திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. நோட்டைச் சரிபார்க்கிற குழு ஒத்துக்கும்."

அப்பியா யோசித்தாள். சமையலறையில் நௌயுக் ரொட்டி மாவை மூக்கில் அப்பிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"களத்துல எழுதினதைத் திருத்தக் கூடாது" என்றாள்.

"அது எண்களுக்குத்தான்..."

"எதியேன் அப்படிச் சொல்லல. அதோட, இவரை இல்லேன்னு எழுதச் சொல்றீங்க. இவர் பக்கத்துலயே நிக்கிறார்."

"அப்பியா, இல்லேன்னா அந்த வருஷக் கணக்கே போயிடும். எதியேன் உங்களுக்கு அனுமதி குடுத்ததுக்கு ஏதாவது சாட்சி இருக்கா?"

எதியேனுக்கு அப்போது மூன்று மாதம். சாட்சி சொல்ல வயது போதாது.

திருத்துவதற்குப் பதிலாக, நோட்டோடு சேர்த்து வைக்க ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி அனுப்புவதாக அப்பியா சொன்னாள். அனுப்பினாள். மெரிடித் அதைக் குழுவுக்குக் கொண்டுபோய்ப் போராடினாள் என்றுதான் கேள்வி. குழுவில் ஒருவர், செத்தவருக்கும் மகளுக்கும் வித்தியாசம் எழுதாத ஒரு நோட்டில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படி நம்புவது என்று கேட்டாராம். இன்னொருவர் ஒப்பந்தத் தாளை எடுத்துக் காட்டினாராம்: கருவிகளைக் கையாளும் தகுதி இல்லை. அதற்குக் கீழே அப்பியாவின் கையெழுத்தே இருந்தது.

அந்த வசந்தத்தில் புதிய குழு ஒன்று வந்து அளந்துவிட்டுப் போனது; மறு வருடம் மறுபடி வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரைக் கூட்டி, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, திரையில் வரைபடம் காட்டினார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பத்துப் புள்ளிகள். பதினோராவது இடத்தில் புள்ளி இல்லை. பத்தாவது புள்ளியிலிருந்து பன்னிரண்டாவதுக்கு ஒரு விட்டுவிட்டுப் போகும் கோடு, மிதமான உயரத்தில், நிம்மதியாகப் போயிற்று. அந்தக் கோட்டை நம்பினால் அந்த வசந்தத்தில் அடியில் எப்போதும் போல வெளிச்சம் இருந்தது. கடை விளக்கு அளவு. பேப்பர் படிக்கலாம்.

யோசித்துப் பார்த்தால், பல்கலைக்கழகம் அவளுக்கு ஓர் உபகாரம் செய்திருந்தது. அவளுடைய அண்ணன் கிடக்கும் இருட்டு அதிகாரபூர்வமாக இல்லை. வேறொருத்தியாக இருந்தால் அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டிருப்பாள். அப்பியா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு வெகு கீழே, திரையின் அடி விளிம்பை ஒட்டி, ஒன்றுமில்லாத ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புள்ளி இருக்க வேண்டிய இடம் அது.

நௌயுக் அவள் கையை இழுத்தது. அதற்கு இப்போது ஏழு வயது.

"தங்கச்சி, நாம ரெண்டு பேரும் போனோமே, அந்த வருஷம் எங்க?"

"அதுல இல்லண்ணா."

"நான் மிதிச்சதாலயா?"

"இல்ல. நீ மிதிச்சதை நான் எழுதினதால."

"எழுதாம விட்டிருக்கலாமே."

"விட்டிருந்தா நீ அங்க வரலன்னு ஆயிடும்."

நௌயுக் யோசித்துவிட்டு, அவள் கையிலிருந்த பிஸ்கட்டை வாங்கித் தின்றது.

கூட்டம் முடிந்ததும் புதிய குழுவின் ஆள் ஒருவன் ஒப்பந்தத் தாளோடு வந்தான். கரடிக் காவலர், அச்சமின்மை, கூரிய பார்வை. அப்பியா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மஞ்சள் நோட்டு அவளிடம் திரும்பி வந்துவிட்டது. மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது, கேட்டால் காட்டுவாள், யாரும் கேட்டதில்லை.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் பதினான்கு முதல் ஜூன் ஐந்து வரை, நாற்பத்தொரு நாள், அவள் ஐஸில் துளை போட்டு, அதன் அடியில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்து எழுதினாள்.